சம்பந்தி கொடுத்த குளத்து ராணி

பேரன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, மற்ற உறுப்புகள் ஒத்துழைக்கின்றன. உங்கள் மகளும் என் மகனும் போன வாரம் எங்களிடம் போனில் பேசினார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசித் திருத்துவதைப் பார்த்தால் குடும்பம் நல்லபடியாக நடக்கிறது என்று தெரிகிறது.

அடுத்த வாரம் நீங்களும் சம்பந்தியம்மாளும் இங்கே வந்து சில நாள் தங்குவதாக மருமகள் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. நீங்கள் வருவதற்கு முன்னால் உங்களிடம் ஓர் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. விஷயம் இதுதான்: போன வருடம் நீங்கள் உங்கள் கையாலேயே கொண்டுவந்து எங்கள் பின்வாசல் தொட்டியில் விட்ட செடியை, வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வேரோடு அள்ளி வெயிலில் காயப்போட வேண்டும். கோபப்படாமல் மேலே படியுங்கள். உட்கார்ந்துகொண்டு படித்தால் இன்னும் நல்லது.

அந்தச் செடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். வட்ட இலை, சின்ன மஞ்சள் பூ, தண்ணீரில் மிதக்கும். "இதுக்குப் பேரு குளத்து ராணி. நர்சரியில புதுசா வந்திருக்கு. என் கையால வச்சது எதுவும் இதுவரைக்கும் செத்ததில்ல சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் விட்டீர்கள். எனக்கு அந்தச் செடியைப் பற்றி அப்போது எந்த அபிப்பிராயமும் இல்லை. ஆனால் நீங்கள் ஊருக்குப் போன மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரி அதற்குக் கொடுத்த மரியாதையை எனக்கு இந்த ஜென்மத்தில் கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் அந்த மீன் வடிவச் சுவர்க்கடிகாரம். அதைப் பற்றி நான் இப்போது பேசப்போவதில்லை. நீங்கள் கொடுத்த கடிகாரம் பரணில் இருந்ததும், நீங்கள் வந்த அன்று அது பரணுக்குள்ளிருந்து மணி அடித்ததும், அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும் பழைய கதை. அந்த நாட்களில் உங்கள் மகள் பாவம், இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு, அந்த வீட்டுக் கோபத்தை இந்த வீட்டுக்குச் சர்க்கரை போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சம்பந்தி வீட்டிலிருந்து வந்த எந்தப் பொருளும் கண்ணில் படும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடிகாரம் இப்போது கூடத்தில் நடுநாயகமாக இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் மீனா, வாத்தா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது நடைபாதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின் கரையில் நகராட்சி நடைபாதை போட்டிருக்கிறது அல்லவா, நீங்கள்கூட அதில் காலையில் கைவீசி நடந்து எதிரே வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டீர்களே, அதே நடைபாதைதான். அந்தத் தண்ணீர் கீழே போய் ஏரியில் சேர்கிறது. ஏரித் தண்ணீர்தான் எங்கள் குழாயில் வருகிறது. அதனால் ஓடையையும் கரையையும் சுத்தமாக வைத்துக்கொள்ள நடக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள், என்னைத் தலைவராகப் போட்டார்கள். போட்டி யாரும் இல்லை. கூட்டத்துக்கு வராதவரைத் தலைவராகப் போடுவதுதான் வழக்கமாம், அன்றைக்கு நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் பரிசோதிக்க எதுவும் கிடைக்காத நிலையில், உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை கையுறையும் கூடையுமாக எல்லோரையும் இறக்கினேன். கரை நெடுக நாணலும் கோரையும் தாறுமாறாகத் தலைவிரித்துக் கிடந்தன, காலைக் கீறின, பார்க்கவும் லட்சணமாக இல்லை. தண்ணீரிலோ பச்சைப்பசேலென்று வட்ட இலையும் மஞ்சள் பூவுமாக, பாய் விரித்த மாதிரி, ஒழுங்காக இருந்தது. எது வேண்டாதது என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. நாணலையும் கோரையையும் வேரோடு பிடுங்கிக் கரையை வழுவழுவென்று ஆக்கி, எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டோம். போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் செடி டீச்சர் வந்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர், எங்கள் தெருக் கோடியில் குடியிருக்கிறார், அவரும் குழுவில் உறுப்பினர், அன்றைக்குத் தேர்வு வேலை என்று வரவில்லை. வந்தவர் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "சார், இந்த ஊர்ச் செடியெல்லாம் பிடுங்கிட்டு வெளியூர்ச் செடியை விட்டு வச்சிருக்கீங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சத்தம் போட்டிருப்பேன்.

அவர் சொன்னது என்னவென்றால், அந்த நாணலும் கோரையும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவை, அவற்றின் வேர்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது, மழையில் தெருவிலிருந்து வரும் அழுக்கையும் அவைதான் வடிகட்டிக்கொண்டிருந்தன. நான் நம்பவில்லை. அந்த வாரமே மழை பெய்து நம்ப வைத்தது. வழுவழுவென்று ஆக்கிய கரை சரிந்து ஓடைக்குள் போனது, கூடவே நடைபாதையில் ஓர் ஓரமும், அதிலிருந்த பெஞ்சும் போயின, தண்ணீர் செங்கல்லைக் கரைத்த நிறத்துக்கு வந்தது. டீச்சர் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எவ்வளவு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பார். தண்ணீரின் தெளிவை அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இறக்கிய உடனேயே தட்டு காணாமல் போனது. கயிறு அறுந்துவிட்டதோ என்று இழுத்துப் பார்த்தோம், தட்டு இருந்தது, தண்ணீர்தான் அப்படி. அந்தத் தட்டு கல்யாணத்தின்போது நீங்கள் கொடுத்த பீங்கான் தட்டு செட்டில் ஒன்று. அதில் ஒரு சின்ன விரிசலைத் தவிர வேறு சேதமில்லை, நீங்கள் வரும்போது அதை எனக்குத்தான் வைப்பார்கள்.

பிடுங்கிய நாணலைத் திரும்ப நட்டோம். எதைப் பிடுங்கினோமோ அதையே நடுவதைப் பார்த்து நடக்க வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர் கை தட்டினார். அடுத்தது மிதக்கும் செடியை எடுப்பது. அதற்குள் எங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி. பூ பூக்கிறதே, அதைப் போய் எடுக்கலாமா என்று ஒரு கட்சி, அதற்கு நாய்க்காரர் தலைவர். பக்கத்துத் தெருவில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், ஆளைவிட நாய் பெரிசு, யார் யாரை நடத்திக்கொண்டு வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. அவர் கரையில் நின்று செடிக்காக வாதாடிக்கொண்டிருந்தபோதே அந்த நாய் பச்சையைப் பார்த்துப் புல்தரை என்று நினைத்துத் தண்ணீர்மேல் நடந்து போனது. ஒரு கணம் நடந்தது என்றே சொல்ல வேண்டும். அப்புறம் பச்சைக்கு நடுவில் ஓர் ஓட்டையும் கொஞ்சம் குமிழியும்தான் இருந்தன. நான் பாய்ந்து குடையை நீட்டினேன், நாய் குடையைக் கடித்தது, நாய் வெளியே வந்தது, நான் உள்ளே போனேன். அந்தக் குடை நான் பணி ஓய்வு பெற்ற நாளில் நீங்கள் பரிசளித்தது. குடை பத்திரமாக இருக்கிறது, விரிக்க மட்டும் வேண்டாம்.

சம்பந்தி, உள்ளே போனபோது ஒன்று பார்த்தேன். மேலே அப்படிப் பூவும் பச்சையுமாக இருக்கும் செடிக்குக் கீழே வெளிச்சமே இல்லை. தண்ணீர் கறுத்து, அழுகின வாடை. செடி ஒதுங்கிய அந்த ஓட்டையில் மட்டும் மீன்கள் கூட்டமாக வந்து வாயை வாயைத் திறந்தன, நெரிசல் பஸ்ஸில் ஜன்னலுக்குத் தலையை நீட்டுகிறவர்கள் மாதிரி. என் சர்வீஸ் முழுக்க நெரிசல் பஸ்ஸில் ஏறி இறங்கியவன், எனக்கு அந்த முகம் தெரியும். மனசு கேட்கவில்லை. கரையேறி ஈரத்தோடு நின்று, இந்தச் செடியில் ஓர் இலைகூட இந்த ஓடையில் இருக்கக் கூடாது, இதை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கண்டுபிடிக்காமல் ஓயமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதோடு விட்டேனா, அன்றே ஒரு விதியும் எழுதினேன். இந்தச் செடியை வீட்டில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் எடுத்து அழிக்க வேண்டும், அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வெயிலில் போட வேண்டும். நாய்க்காரர் துண்டால் நாயைத் துவட்டிக்கொண்டே, "யாராவது பிரியமாக் குடுத்ததா இருந்தா என்ன சார் செய்யறது?" என்று கேட்டார். "பிரியமெல்லாம் சாக்கு கிடையாது" என்று அதையும் விதியில் சேர்த்தேன்.

நீங்கள் கேட்கலாம், உங்கள் வீட்டுத் தொட்டியிலேயே அது இருந்ததே, உங்களுக்குத் தெரியவில்லையா என்று. நியாயமான கேள்வி. பின்வாசல் என் வீட்டுக்காரியின் ராஜ்யம், அங்கே என் செருப்புக்குக்கூட இடமில்லை. அது போக, நீங்கள் கொடுத்தது குளத்து ராணி, ஓடையில் இருந்தது களை, இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நான் ஏன் நினைக்கப்போகிறேன்.

விசாரணையைத் தொழில் முறைப்படிதான் செய்தேன். பஸ்ஸில் பரிசோதனை என்றால் முன்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, கடைசி சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக முன்னால் வர வேண்டும், டிக்கெட் வாங்காதவன் நகர்ந்து நகர்ந்து கடைசியில் டிரைவர் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பான். அதேபோல் கீழே இருக்கும் பாலத்திலிருந்து ஆரம்பித்து, நீரோட்டத்துக்கு எதிராக, வீடு வீடாகப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே மேலே வந்தேன். டீச்சரும் கூட வந்தார். ஒரு வீட்டில் என்னைத் திருடன் என்று நினைத்தார்கள், இன்னொரு வீட்டில் குடிநீர்க் குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்து அடுக்களைவரை அழைத்துப் போனார்கள், குழாயைத் திருகிக் கொடுத்துவிட்டு வந்தேன். செடி வழியெல்லாம் இருந்தது. ஓர் இடத்துக்கு மேலே மட்டும் இல்லை. மேலே தண்ணீர் தெளிவாக, கரையில் நாணல் தானாக வளர்ந்து நிற்க, அடியில் கூழாங்கல் தெரிய ஓடியது. செடி ஆரம்பிக்கும் அந்த இடத்துக்கு நேராக ஒரு வீட்டின் பின்வாசல். படிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. தொட்டி நிரம்பி வட்ட இலை வழிந்து தொங்கியது. நான் நிமிர்ந்து, "இந்த வீட்டுக்காரனைக் கூப்பிடுங்க டீச்சர்" என்றேன். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் சார்" என்றார்.

நடக்கும்போது என் கண் எப்போதும் தண்ணீர்ப் பக்கம்தான், என் வீட்டைப் பின்பக்கமாக நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. மழை பெய்யும்போது தொட்டி வழிந்து, வாய்க்கால் வழியாக நடைபாதையைத் தாண்டி ஓடைக்குப் போயிருக்கிறது என்று முடிவுக்கு வந்தோம். மறுநாளே குழுவைக் கூட்டி, குற்றவாளி நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். நாய்க்காரர் முகத்தில் வந்த மலர்ச்சியை வர்ணிக்க முடியாது. "பிரியமாக் குடுத்ததா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகவேதான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை முதலில் அழிக்க வேண்டியது என் தொட்டிச் செடி. அழித்துவிட்டால், நீங்கள் வந்ததும் நேராகப் பின்வாசலுக்குத்தான் போவீர்கள், காலித் தொட்டியைப் பார்ப்பீர்கள், மறுபடியும் கடிகாரக் காலம் வரும். எனக்கென்ன, நான் கோபத்திலும் நிம்மதியாகத் தூங்குகிறவன். நடுவில் நின்று அல்லாடப்போவது உங்கள் மகள்தான். போனில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மாமா, அப்பா வந்தா செருப்பக்கூடக் கழட்டாம முதல்ல தொட்டியைத்தான் பாப்பாரு. நீங்களே அவருகிட்டப் பேசிடுங்க மாமா, என்னால இன்னொரு தடவை முடியாது" என்றாள். அது என்னை ரொம்பவும் உறுத்துகிறது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அழிக்காவிட்டாலோ, ஓடை போச்சு, குழு போச்சு, நான் வாழ்நாளெல்லாம் யார் யாரையோ பஸ்ஸைவிட்டு இறக்கிவிட்டதற்கெல்லாம் அர்த்தமில்லாமல் போகும். எனவே உங்கள் செடி, உங்கள் பிரியம், இரண்டும் வேறு வேறு என்று பெரிய மனதுடன் கருதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுமதி தந்து ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அனுமதி கிடைக்கும்வரை ஓர் இலையைக்கூடத் தொடமாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் விசாரிப்பையும் சொல்லவும். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு இந்தக் கடிதத்தால் எந்தக் கெடுதலும் வராமல் நீங்கள் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இருவரும் எல்லா வளமும் பெற்று, நாம் இருவரும் என்ன சண்டை போட்டாலும் காதில் வாங்காமல் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பை நாடும் சம்பந்தி,
தலைவர், ஓடையோர நடைபாதைப் பாதுகாப்புக் குழு

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுத என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன், என் கையெழுத்தில் எழுதினால் கடிதம் எனக்கே திரும்பி வந்துவிடுகிறது. அவள் விலாசம் எழுதாமல் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு வந்து நின்றாள். "ஏங்க, தொட்டியில இருக்கறது சம்பந்தி குடுத்த செடியே இல்லீங்க" என்றாள். நீங்கள் கொடுத்தது, நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கறுத்து அழுகிவிட்டதாம். நீங்கள் மறுபடி வந்து கேட்பீர்களே என்று பயந்துபோய் இருந்தவள், சில மாதம் கழித்து ஓடையில் அதே வட்ட இலை, அதே மஞ்சள் பூ மிதப்பதைப் பார்த்து, ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் விட்டுவிட்டாளாம். எனக்குத் தலையிலிருந்து மூட்டை இறங்கியது. அப்படியென்றால் ஓடையிலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது, நானும் குற்றவாளி இல்லை, நீங்களும் இல்லை, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. சட்டையை மாட்டிக்கொண்டு, குழுவிடம் போய் என் குற்ற ஒப்புதலைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். வாசல்வரை போனவன், தொழில் புத்தி விடவில்லை, திரும்பி வந்து, "அழுகின செடிய எங்க போட்ட?" என்று கேட்டேன். "குப்பைக் கூடையில போட்டா வீடு நாறுமேன்னு ஓடையில வீசினேன்" என்றாள். சட்டையைக் கழற்றி மறுபடியும் கொடியில் போட்டுவிட்டேன்.

அவள் இதையும் எழுதச் சொல்கிறாள். "ஒண்ணு விடாம எழுதிடுங்க. அவருக்காக இன்னொரு செடியத் தேடித் திரிய எனக்குத் தெம்பில்ல" என்கிறாள். எனவே கடிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். தொட்டியில் இருப்பதற்கு உங்கள் அனுமதி இனித் தேவையில்லை. அது உங்களுடையது அல்ல, நாளைக்கே எடுத்துவிடுவேன். உங்களுடையது ஓடையில் இருக்கிறது. அதை எடுக்க ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய வேண்டியிருக்கும், நீங்கள் வரும்போதும் மிச்சம் இருக்கும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும் கையுறையும் மறக்காமல் கொண்டு வரவும், வேறு எதையும் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். உங்கள் கையால் வைத்தது எதுவும் செத்ததில்லை என்று அன்றைக்குச் சொன்னீர்களே, அது முழுக்க உண்மை சம்பந்தி. பாலம்வரை போயிருக்கிறது.